பிறந்தநாள் சாப்பாட்டுக்கு அப்பால்: குழந்தைகள் இல்லங்களுக்கு உதவும் அன்பர்களுக்குத் திறந்த மடல்

குழந்தைகள் இல்லங்களுக்கு உணவும் உடையும் பணமும் நேரமும் தந்துவரும் அன்பர்களுக்கு,



'ஆதரவற்ற குழந்தைகள்' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர்களில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் சிறு பகுதியினரே. மற்ற பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார். அல்லது அப்பாவோ பாட்டியோ தாய்மாமனோ இருக்கிறார். வீட்டில் ஆள் இருந்தும் பிள்ளை தெருவுக்கு வருகிறது, இல்லத்தில் சேர்க்கப்படுகிறது. அதற்கு முதற்காரணம் வறுமை. குடி, கடன், நோய், குடும்பச் சண்டை எல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. காரணம் வறுமை என்றால், உதவி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குடும்பம். இன்று பெரும்பாலான நன்கொடை போய்ச் சேர்வதோ இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு. இந்த இடைவெளியைக் குறைப்பது எப்படி என்பதே இம்மடலின் பொருள்.

தெருவோரக் குழந்தைகள் எல்லாரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். குடும்பத்தோடு நடைபாதையில் வாழும் பிள்ளைகள் ஒரு வகை. சென்னையின் பாரிமுனை, பூக்கடை, இராயபுரம் பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்ற குடும்பங்கள் உண்டு. பகலில் சிக்னலில் பேனாவும் பலூனும் விற்று, குப்பை பொறுக்கி, இரவில் வீடு திரும்பும் பிள்ளைகள் இரண்டாம் வகை. வீட்டை விட்டு ஓடிவந்தோ, தொலைந்தோ தனியாக அலையும் பிள்ளைகள் மூன்றாம் வகை. ரயில் நிலையங்களில் மீட்கப்படுபவர்கள் பெரும்பாலும் இவர்களே. பிறந்தவுடன் கைவிடப்படும் பச்சிளங்குழந்தைகள் தனி வகை. ஒவ்வொரு வகைக்கும் தேவை வேறு. நடைபாதைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வேண்டியது வீடும் பள்ளியும். ஓடிவந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது, அதன் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு பெரியவர். கைவிடப்பட்ட சிசுவுக்கு வேண்டியது, சட்டப்படி அமையும் ஒரு குடும்பம்.

வறுமை பிள்ளையை வீட்டிலிருந்து எப்படிப் பிரிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்பா இறக்கிறார், அல்லது குடியில் விழுகிறார். அம்மா வீட்டு வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகிறார். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். வேலைக்குப் போகும்போது பெண் குழந்தையை யாரிடம் விட்டுப்போவது என்ற பயம் வருகிறது. சில குடும்பங்கள் குடிசை அகற்றப்பட்டு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்படுகின்றன. பள்ளி ஒரு பக்கமும் பெற்றோரின் பிழைப்பு இன்னொரு பக்கமும் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "ஹோம்ல சேத்து விடுங்க, மூணு வேளை சோறு, படிப்பு எல்லாம் ஃப்ரீ" என்கிறார். தாய் கையெழுத்துப் போடுகிறார். தன் பிள்ளை வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள உதவும் வழி எதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இல்லங்களைத் தொடங்கியவர்களின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சிறார் சட்டம் வந்தது சென்னையில்தான். அது 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டம். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்த முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு எந்த விடுதியும் இடம் தராத நிலையில், 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தை உருவாக்கினார். 1949இல் மஞ்சுபாஷிணி என்பவர், காமராசரின் ஆதரவோடு பால மந்திர் என்ற குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பஞ்சமும் கொள்ளைநோயும் சாதிக் கொடுமையும் பிள்ளைகளை வீதியில் தள்ளிய காலத்தில், ஒரு கூரையும் ஒரு பிடி சோறும் உயிர்காத்த உதவிகள். அன்று வேறு வழியும் இருக்கவில்லை.

அதன் பிறகு குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவு வளர்ந்தது. 1951இல் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தன்னையே கவனிக்கும் ஒரு பெரியவரோடு நிலையான பிணைப்பு இல்லாத குழந்தையின் மனநலம் பாதிக்கப்படுகிறது என்று எடுத்துக்காட்டியது. இதற்கு மிகக் கொடுமையான சான்று ருமேனியாவிலிருந்து கிடைத்தது. மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் அந்நாட்டு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த இல்லங்களில் இருந்தனர். 2000ஆம் ஆண்டு புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் அவர்களில் பாதிப்பேருக்கு வளர்ப்புக் குடும்பங்கள் அமைக்கப்பட்டன. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனிலும் மனப்பிணைப்பிலும் முன்னேறினர். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினர். இல்லத்திலேயே இருந்தவர்கள் பின்தங்கினர். பால், படுக்கை, மருந்து இவற்றோடு ஒரு குழந்தையின் தேவை நின்றுவிடுவதில்லை என்பதை அளந்தே காட்டிய ஆய்வு அது.

உலக நாடுகளின் கொள்கையும் அதற்கேற்ப மாறியது. 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுப் பராமரிப்புக்கான நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக்கி ஒரு குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்கக் கூடாது, வறுமை தெரியவந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இதையே கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது. நிறுவனத்தில் சேர்ப்பது, மற்ற வழிகளை எல்லாம் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய கடைசி முடிவு.

அந்தச் சட்டம் நடைமுறையில் வேலை செய்யும் விதம் நன்கொடையாளர் பலருக்குத் தெரிவதில்லை. தனியாக ஒரு குழந்தையைக் கண்டால் அழைக்க வேண்டிய எண் 1098. 1996இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக, ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சைல்டுலைன் சேவை இது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்லத் தெரிந்தால் எந்தப் பிள்ளையும் மறக்காது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்கும் இந்த எண்ணை, 2023 முதல் அரசே நேரடியாக நடத்தத் தொடங்கி, 112 அவசர உதவி எண்ணோடு இணைத்திருக்கிறது.

சென்னை சென்ட்ரல், எழும்பூர் போன்ற ரயில் நிலையங்களில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால், தனியாக வரும் பிள்ளைகளை மீட்கும் பணியின் நுட்பம் புரியும். ரயில் வந்து நின்று கூட்டம் கலைந்த பிறகும் நடைமேடையில் ஒரு பையன் தங்கிவிடுகிறான். கையில் பை இல்லை, அல்லது பள்ளிப் பை மட்டும் இருக்கிறது. போகும் இடம் தெரியாமல் கடைகளையே சுற்றிச் சுற்றி வருகிறான். அனுபவமுள்ள பணியாளர் அவனருகே போய் உட்கார்ந்து, "சாப்ட்டியாப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஏன் ஓடிவந்தாய் என்ற கேள்வி அன்று வருவதில்லை. முதலில் சொல்லும் பெயரும் ஊரும் பெரும்பாலும் பொய்யாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக அவனை மிரட்டுவதும் இல்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது, அப்பா பெல்ட்டால் அடித்தது, சித்தி சோறு போடாதது, திருப்பூரில் வேலை வாங்கித் தருவதாக யாரோ சொன்னது என்று உண்மை மெல்ல மெல்ல வெளியே வரும். இந்தப் பொறுமைக்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் வேண்டும். இவர்களுக்காக நன்கொடை தருபவர்கள் மிகக் குறைவு.

மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். குடும்ப நிலையை நேரில் விசாரிக்கும் சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களில் முடிய வேண்டும். குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதா, உறவினரிடம் விடுவதா, வளர்ப்புக் குடும்பத்திடம் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா என்பதை அதன் பிறகு குழுவே முடிவு செய்கிறது. தனியாகவோ கைவிடப்பட்டோ தோன்றும் குழந்தையைக் கண்டவர் தனிமனிதராக இருந்தாலும், மருத்துவமனையாக இருந்தாலும், தொண்டு நிறுவனமாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தராமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே, இரக்கப்பட்டு ஒரு பிள்ளையைத் தெரிந்த இல்லத்தில் நேரே கொண்டுபோய் விடுவது சட்டப்படி தவறு. அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒரு தாய் எங்காவது காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

கைவிடப்படும் சிசுக்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பெண்சிசுக் கொலை பரவலாக இருந்த சேலம் மாவட்டத்தில், வளர்க்க முடியாத சிசுவை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் ஒப்படைக்கவும் செய்யலாம். மனம் மாறிக் குழந்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்தக் காலம் முடிந்து, தத்துக்கு உரியது என்று குழு அறிவித்த பிறகே குழந்தை தத்து கொடுக்கப்படும். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவு வழியாகவே அது நடக்கும். தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். மருத்துவமனையிலோ இடைத்தரகரிடமோ குழந்தையைக் கைமாற்றி வாங்குவது தத்து ஆகாது. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. 2019இல் ராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கு, பிள்ளையில்லாத தம்பதியரின் ஏக்கமும் ஏழைத் தாயின் இல்லாமையும் எப்படி வியாபாரமாகின்றன என்பதைத் தமிழகம் முழுவதும் பார்க்க வைத்தது.

இல்லங்களின் நிலைமையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதும் தமிழ்நாட்டுச் செய்திதான். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவது பற்றி வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையின் அடிப்படையில் 2007இல் பொதுநல வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவுபெற வேண்டும் என்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், பிள்ளைகளைச் சமூகத்தோடு சேர்க்கும் வழிகளைத் தேட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே காலத்தில் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் பதிவாயின. அவற்றில் பத்தில் ஒன்பதைத் தொண்டு அமைப்புகளே நடத்தின. அங்கிருந்த ஏறத்தாழ 3.7 லட்சம் பிள்ளைகளில் அநாதைகள் சுமார் 42 ஆயிரம் பேர். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள் சுமார் 1.2 லட்சம் பேர். அந்த 1.2 லட்சம் பேரில் பலர் ஒரு சிறு மாத உதவி இருந்தால் வீட்டிலேயே வளர்ந்திருக்கக் கூடியவர்கள்.

நன்கொடை இந்த நிலைமையை எப்படிப் பாதிக்கிறது என்பதை நேராகப் பேச வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான் பல இல்லங்கள் நிதி திரட்டுகின்றன. ஐம்பது பிள்ளைகள் இருந்தால் ஐம்பது பேருக்குப் பணம் வரும். இருபது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முப்பது பேருக்கே வரும். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் நல்ல இல்லத்துக்கு வருமானம் குறைகிறது. பிள்ளையைப் பதினெட்டு வயது வரை வைத்துக்கொள்ளும் இல்லம் நிலைக்கிறது. கம்போடியாவில் இது எல்லை மீறிப் போனது. சுற்றுலாப் பயணிகளின் இரக்கமும் பணமும் வரவர, அநாதை இல்லங்கள் பெருகின; அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர்.

பிறந்தநாள் சாப்பாட்டின் கதையும் இதில் அடங்கும். நகரத்தை ஒட்டிய, பேர்பெற்ற இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஒருவர் பொங்கல், மதியம் ஒருவர் பிரியாணி, மாலையில் இன்னொருவர் கேக். பிள்ளைகள் குளித்து, நல்ல உடை போட்டு, வரிசையில் நிற்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவருக்குக் கைதட்டி வாழ்த்துப் பாடுகிறார்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, கைபேசியில் படம் எடுக்கப்படுகிறது. பிறகு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். தன் பிறந்தநாள் எது என்று தெரியாத பிள்ளைகளும் அந்த வரிசையில் உண்டு. செவ்வாய், புதன்கிழமைகளில் யாரும் வருவதில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமான இல்லங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருவதில்லை. கொடுப்பவரின் மனம் நிறைகிறது. வாங்கிக்கொள்ளும் பிள்ளை, தான் இரக்கத்துக்கு உரியவன் என்பதை வாரந்தோறும் கற்றுக்கொள்கிறது.

அந்தப் படங்களை வெளியிடுவது குற்றமும் ஆகும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என எந்த அடையாளத்தையும் ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் நிலைப்படம், ஃபேஸ்புக் பதிவு, நிறுவனத்தின் ஆண்டறிக்கை எதுவானாலும் பிள்ளையின் முகம் வேண்டாம். பத்தாண்டுகள் கழித்து வேலைக்கோ திருமணத்துக்கோ அந்தப் பிள்ளை தயாராகும்போதும், அந்தப் படம் யாரோ ஒருவரின் கைபேசியில் இருக்கும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் உள்ள பதிவுச் சான்று. பதிவில்லாமல் இல்லம் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். '80ஜி' என்று அறியப்படும் வருமான வரிச் சலுகைச் சான்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கொடுப்பவரின் வரிச் சலுகைக்கானது, பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் அனுமதி அன்று. இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு அங்கே இருக்கிறதா என்பது. மூன்றாவது, கண்ணால் பார்த்தே அறியக்கூடியவை. 2016இன் மாதிரி விதிகளின்படி ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குளியலறையும் வேண்டும். ஒரு பிள்ளைக்குப் படுக்கும் இடம் 40 சதுர அடி வேண்டும். பிள்ளைகளுக்கென ஒரு குழுவும் புகார்ப் பெட்டியும் இருக்க வேண்டும். நான்காவது, பெற்றோர் வந்து பார்க்க எந்த நாட்களில் அனுமதி, கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்பது. இந்தக் கேள்விகளுக்கு நல்ல இல்லம் முகம் சுளிக்காது.

நற்பெயர் ஒன்றையே நம்பிக் கொடுப்பது போதாது. 2021இல், கொரோனா காலத்தில், மதுரையில் ஊரறிந்த ஓர் இல்லத்திலிருந்த குழந்தை நோயில் இறந்துவிட்டதாக ஆவணம் காட்டப்பட்டது. விசாரணையில் குழந்தை உயிரோடு வேறொரு குடும்பத்திடம் இருந்தது தெரிந்தது. விற்பனை வழக்குப் பதிவானது. ஊரார் அந்த இல்லத்துக்கு மனமுவந்து உதவி வந்திருந்தார்கள்.

வெளிநாடுவாழ் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தரும் பணத்தை, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனமே பெற முடியும். அதுவும் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்கான கணக்கின் வழியாகவே. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. தெரிந்தவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி இல்லத்திடம் சேர்க்கச் சொல்வதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி, பணம் எங்கே அதிகப் பயன் தரும் என்பது. முதலிடம் குடும்பத்துக்கான நிதி ஆதரவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினரிடம் வளரும் பிள்ளைகள், கடும் நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கப் பல தாய்மாருக்குத் தெரியாது. வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அலைய அவர்களிடம் ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் இல்லை. கூடவே போய் விண்ணப்பத்தை முடித்துத் தரும் தன்னார்வலரின் உதவி ஒரு வேளை விருந்தை விடப் பெரியது. கணக்கும் எளிது. ஐம்பது பேருக்குத் தலைக்கு 150 ரூபாயில் பிரியாணி என்றால் 7,500 ரூபாய். விண்ணப்பம் நிறைவேறும் வரை ஒரு தாய் தன் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அந்தப் பணம் இரண்டு மூன்று மாதம் துணைநிற்கும்.

அடுத்தது பள்ளி. கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி, 6 முதல் 14 வயது வரையிலான எந்தப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்று வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனாலும் நடைபாதைக் குடும்பத்துப் பிள்ளைக்கு முகவரி இல்லை என்ற காரணத்தால் வாசலிலேயே தடை வருகிறது. ஆவணம் இல்லாத பிள்ளை எங்கெங்கே தடுக்கப்படும் என்பதையும், தடை நீங்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் ஒரு விளையாட்டுப் போட்டி காட்டியது. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருவோரக் குழந்தைகள் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில், வடசென்னையின் கருணாலயா அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி, இங்கிலாந்து அணியை வென்று கோப்பையைப் பெற்றது. லண்டனுக்கு விமானம் ஏற வேண்டுமானால் முதலில் பிறப்புச் சான்று, பிறகு முகவரிச் சான்று, பிறகு பாஸ்போர்ட் வேண்டும். மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இணையான உழைப்பு அந்தத் தாள்களுக்கும் தேவை.

மூன்றாவது, பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகள். பெரும்பாலான நன்கொடை சிறு குழந்தைகளைப் பார்த்தே வருகிறது. மீசை முளைத்த பையனுக்கு யாரும் கேக் வாங்கி வருவதில்லை. அவனுக்கோ வாடகைக்கு அறை, கல்லூரிக் கட்டணம், முதல் மாதச் சம்பளம் வரும்வரை சாப்பாடு, வேலைக்குப் பரிந்துரைக்க ஒரு பெரியவர், காய்ச்சல் வந்தால் அழைக்க ஓர் எண் எல்லாம் வேண்டும். சட்டத்தின் 46ஆம் பிரிவு இவர்களுக்குப் பிற்காப்பு உதவிக்கு வழிசெய்கிறது; மிஷன் வாத்சல்யா அதை 21 வயது வரையும், தேவையானால் 23 வயது வரையும் நீட்டிக்கிறது. தமிழ்நாட்டில் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். இதை அறியாமல் சாதிச் சான்று இன்றிக் கல்லூரி இடத்தையும் வேலை வாய்ப்பையும் இழப்பவர்கள் உண்டு. ஒரு வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற வட்டாட்சியரோ மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் இந்தக் குறை தீரும்.

நான்காவது, பணியாளர்கள். இரவில் படுக்கையை நனைத்த பிள்ளையைத் திட்டாமல் துணி மாற்றும் அம்மாவும், நடைமேடையில் உட்கார்ந்து பேசும் பணியாளரும், குடும்பத்தைத் தேடிப் பீகார் வரை ரயிலேறும் சமூகப் பணியாளரும் குறைந்த சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். ஓரிரு ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நம்பிப் பழகிய பெரியவர் திடீரென்று இல்லாமல் போவதைப் பிள்ளை மறுபடியும் மறுபடியும் அனுபவிக்கிறது. தன் பணம் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது, சோற்றுக்கே போக வேண்டும் என்று நிபந்தனை வைப்பவர்கள், அந்த அம்மாவின் சம்பளத்தையும் சேர்த்தே தடுக்கிறார்கள். நேரம் தர விரும்புவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் வந்து கொஞ்சிவிட்டு மறைவதை விட, ஓராண்டு முழுக்க சனிக்கிழமைதோறும் கணக்குப் பாடம் சொல்லித்தருவது பிள்ளைக்கு நல்லது.

சாலையில் கை நீட்டும் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற கேள்வி எல்லாரிடமும் உண்டு. சிக்னலில் தரும் பத்து ரூபாய் பெரும்பாலும் பிள்ளையிடம் தங்குவதில்லை. அடுத்த நாளும் பள்ளி நேரத்தில் அதே இடத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்தி வைக்க அது உதவுகிறது. குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் சட்டத்தில் உண்டு. பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு வாங்கித் தருவதில் தவறில்லை. அதோடு இடமும் நேரமும் குறித்துக்கொண்டு 1098க்குத் தகவல் தருவதே அந்தப் பிள்ளைக்கான உண்மையான உதவி. தாயும் பிள்ளையும் சேர்ந்து நடைபாதையில் வாழ்ந்தால், அவர்களைப் பிரிக்காமல் இருவருக்கும் இடம் கேட்பதே சரி.

இல்லங்களே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும், யாருமே இல்லாத பிள்ளைக்கும், குடும்பம் கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருக்கும் பிள்ளைக்கும் நல்ல இல்லம் தேவை. அப்படிப்பட்ட இல்லம் சிறியதாகவும் திறந்ததாகவும், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் நாளை எதிர்பார்த்து நடப்பதாகவும் இருக்க வேண்டும்.

அன்பர்களே, பிறந்தநாளையும் நினைவுநாளையும் பிறர் பசி தீர்த்துக் கொண்டாடும் பழக்கம் தமிழ்நாட்டின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அதை நிறுத்தச் சொல்வது இம்மடலின் நோக்கம் அன்று. அடுத்த முறை பணத்தோடு இல்லத்தின் படியேறும்போது பதிவுச் சான்றைக் கேளுங்கள். கைபேசியைப் பையிலேயே வையுங்கள். பிரியாணிக்கு வைத்திருக்கும் தொகையில் பாதியை, வீடு திரும்பத் தயாராக இருக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்கு மாத உதவியாகத் தரச் சொல்லுங்கள். "இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினீர்கள், அவர்களைப் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இல்லத்துக்கு ஆண்டு முழுக்கத் துணைநில்லுங்கள்.